மெமரிக்குள் இரண்டு மண்டபம்

போன வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான வகுப்பில் பேசுவதற்கு என்னை அழைத்திருந்தீர்கள். பொன்னாடை போர்த்தினீர்கள், காபி கொடுத்தீர்கள், பேச்சு முடியும் வரை பாதிப்பேர் விழித்தும் இருந்தீர்கள். நன்றி. அதன்பிறகு உங்களில் ஒருவர் தான் எழுதிய புரோகிராமைத் திறந்து காட்டினார். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் சிங்கிள்டன். பிழைகளைக் குறித்து வைப்பது சிங்கிள்டன், கடவுச்சொல் பார்ப்பது சிங்கிள்டன், வாடிக்கையாளரும் சிங்கிள்டன். ஒரே ஒரு வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு கம்பெனியை எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டேன். "அது டிசைன் பேட்டர்ன் மேடம்" என்றார், கர்ப்பகிரகத்தைக் காட்டுகிற குரலில்.

அந்தப் பக்தியில் கை வைக்க அங்கே எனக்கு நேரம் போதவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

சிங்கிள்டன் என்பது பெரிய ரகசியமெல்லாம் இல்லை. புரோகிராமுக்குள் சில பொருட்கள் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்; எந்த மூலையிலிருந்து யார் கேட்டாலும் அந்த ஒன்றுதான் கிடைக்க வேண்டும். அதற்கு ஒரு பூட்டுப் போடுவதுதான் அது. எண்பதுகளின் கடைசியில், மதுரையில், எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. பெயர் வந்து சேர்வதற்கு முன்பே பிரச்சினை வந்து சேர்ந்துவிட்டது. நம் தொழிலில் பொதுவாக அந்த வரிசையில்தான் வரும்.

எங்கள் கம்பெனி மேல மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது. கம்பெனி என்றால் ஒரு எம்.டி., பாஸ்கர், நான், ஒரு கம்ப்யூட்டர். முக்கியத்துவத்தின்படி எழுதுவதானால் கம்ப்யூட்டரை முதலில் போட வேண்டும். அதற்கு மட்டும்தான் ஏசி. பாஸ்கர் எங்கள் எம்.டி.யின் அக்கா மகன். சென்னைக்குப் போய் ஒரு குறுகிய வகுப்பில் சி ப்ளஸ் ப்ளஸ் படித்துவிட்டு வந்திருந்தான். போகும்போது சாதாரணப் பையனாகத்தான் போனான். திரும்பி வந்தபோது அவன் கண்ணுக்கு உலகம் முழுவதும் ஆப்ஜெக்ட்டாகத் தெரிந்தது. டம்ளர் ஒரு ஆப்ஜெக்ட், டபரா இன்னொரு ஆப்ஜெக்ட், இரண்டுக்கும் உள்ள உறவு என்ன என்று விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிப்போய்விடும்.

"அக்கா, இனிமே எல்லாமே ஈசி. கிளாஸ்னு அச்சு மாதிரி ஒண்ணு எழுதிட்டா போதும். எங்க வேணுமோ அங்க 'நியூ'ன்னு போட்டா ஒண்ணு பொறந்துரும்" என்பான்.

"எம்புட்டு வேணாலும் பொறக்குமா?"

"எம்புட்டு வேணாலும்!"

அந்தச் சந்தோஷத்தில்தான் அவன் கையில் கல்யாண மண்டபம் ஒப்படைக்கப்பட்டது.

பசுமலையைத் தாண்டி, திருப்பரங்குன்றம் போகிற சாலையில் ஒரு மண்டபம். அதன் ஓனருக்குச் சாலையின் எதிர்ப்பக்கத்தில் ஒரு போட்டி மண்டபம் இருந்தது. எதிர் மண்டபத்துக்காரர் வாசலில் தும்பிக்கையால் பன்னீர் தெளிக்கிற யானை பொம்மையை நிறுத்தினார். இவர் யோசித்துப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரை நிறுத்தினார். யானையாவது விருந்தாளிக்குப் பன்னீர் தெளித்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பாதி மின்விசிறி சுற்றாது; கம்ப்யூட்டர் அறையில் மட்டும் ஏசி ஓடும். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், வெள்ளிக்கிழமை தவறாமல் பூ. "இது கம்ப்யூட்டர் கல்யாண மண்டபம். இங்க தப்புக்கு இடமே இல்ல" என்று ஓனர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அதுவரை அங்கே ஒரு தடித்த டைரி இருந்தது. யாரும் எடுத்துப்போகாமல் மேசைக்காலில் சணல் கயிற்றால் கட்டியிருப்பார்கள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். பக்கம் நிறைந்துவிட்டால் அன்று மண்டபம் இல்லை. இதில் நவீனமாக எதுவுமே இல்லாததால் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள்.

பாஸ்கர் எழுதிய புரோகிராமில் இரண்டு மெனு. ஒன்று பொதுமக்கள் ஆபீசில் வந்து பதிவு செய்வதற்கு. இன்னொன்று வி.ஐ.பி. பதிவு, ஓனர் தனக்கு வேண்டியவர்களுக்குத் தானே கொடுப்பது. இந்த இரண்டாவது மெனுவை ஓனர் எப்போதாவதுதான் தொடுவார். ஆகவே பல மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பதிவு செய்தவர்களுக்கு ஓரத்தில் ஓட்டை போட்ட தாளில் கறகறவென்று ரசீது அச்சாகி வரும். அதை வாங்குவதற்காகவே சிலர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு முதல்நாள் காலை, பிரிண்டரில் ரிப்பன் சிக்கிக்கொண்டது என்று என்னை அனுப்பினார்கள். பாஸ்கர் போன்ற மேதைகள் ரிப்பன் மாற்றுவதில்லை. நான் மை அப்பிய விரல்களோடு இருந்தபோது பின்பக்கம் சமையல்கட்டிலிருந்து சத்தம். போய்ப் பார்த்தால் இரண்டு வேன். இரண்டு வேனிலிருந்தும் அண்டாக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு சமையல் மாஸ்டர்கள் ஒரே அடுப்புக்கு முன்னால் நின்றார்கள்.

"யோவ், அண்டாவ எங்க வைக்கிற? இது எங்க கல்யாணத்து அடுப்பு."

"ஒங்க கல்யாணம் நாளன்னைக்கா இருக்கும். நல்லாக் கேட்டுட்டு வா. நாளைக்கு எங்க கல்யாணம்."

"எங்களுக்கும் நாளைக்குத்தான்யா!"

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் அந்தக் குளுகுளு அறையிலிருந்து வெளியே வந்தவள் அல்லவா.

உள்ளே போய்ப் பொது மெனுவைத் திறந்தேன். நாளைய தேதிக்கு சுலோச்சனா அம்மாள் என்று இருந்தது. காமராசர் சாலைப் பக்கம் பட்டுநூல் வியாபாரம் செய்கிற, வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். கணவர் இல்லை, மகள் கல்யாணத்தை அந்த அம்மாவும் அவருடைய தம்பியும் சேர்ந்து நடத்துகிறார்கள். மெனுவை மூடிவிட்டு வி.ஐ.பி. மெனுவைத் திறந்தேன். அதே தேதிக்கு வீரணன் என்று இருந்தது. கீழக்குயில்குடிப் பக்கத்து விவசாயி. அவருக்கும் மகள் கல்யாணம். இரண்டு பெயரும் பளிச்சென்று பச்சை எழுத்தில். அந்தத் திரையில் வெட்கத்தின் அறிகுறியே இல்லை.

போன் செய்தேன். எம்.டி. ஸ்கூட்டரில் பாஸ்கரைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தார். பாஸ்கர் திரையைப் பார்த்தான், தன் புரோகிராமைப் பார்த்தான், பிறகு எங்களைப் பார்க்காமல் பேசினான்.

"மாமா, ரெண்டு மெனுவும் தனித்தனியா 'நியூ மண்டபம்'னு போட்டிருக்கு. அதனால ரெண்டு மண்டபம் பொறந்திருச்சு. ஆளுக்கொரு டைரி வச்சுக்கிருச்சு. இதுக்கு அது தெரியாது, அதுக்கு இது தெரியாது."

"ரெண்டாவது மண்டபம் எங்கடா இருக்கு?"

"மெமரில."

எம்.டி. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மெமரியில் ஆயிரம் பேருக்கு இலை போட முடியுமா என்று யோசித்திருப்பார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். புரோகிராமில் தப்பு வருவது புதிதல்ல. தப்பு தெரிந்த அந்த முதல் கால் மணி நேரத்தில் பெரிய மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டிய காட்சி. ஓனரும் எம்.டி.யும் எங்களையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆலோசனை நடத்தினார்கள். தலைப்பு: யார் அதிகமாகச் சத்தம் போடுவார்கள்?

"வீரணன் வந்தாருன்னா ஊரே லாரில வரும்" என்றார் ஓனர். "அவிங்கள ஒண்ணும் செய்ய முடியாது. அந்தம்மா குடும்பம் சாது. அதிர்ந்து பேச மாட்டாக."

"அப்ப அந்தம்மா பேரை எடுத்துருவோம்" என்றார் எம்.டி. என் பக்கம் திரும்பினார். "மல்லிகா, அந்தப் பதிவை அழிச்சிரு."

"ரசீது அவங்க கையில இருக்கே சார்."

"ரசீதுல ஏதோ பிழைன்னு சொல்லிக்குவோம். கம்ப்யூட்டர்லயே பேர் இல்லைன்னா அவங்க என்ன பண்ண முடியும்? கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுன்னு ஊருக்கே தெரியும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சிரிக்காமல் சொன்னார். அதற்காகவே அவருக்குத் தனியாக ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

"அழிக்க மாட்டேன் சார்" என்றேன்.

"அப்ப நாளையில இருந்து வேலைக்கு வர வேணாம்."

"சரி சார். இன்னைக்கு இருக்கேன்."

என்னை வீராங்கனையாக நினைத்துவிடாதீர்கள். வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் பானை ஏறியது. ஆனால் தன் பெண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் என்று வருகிறவரிடம், உங்கள் பெயரே இங்கே இல்லை என்று சொல்வதற்கு நான் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்றபோது விரல் வரவில்லை. எம்.டி. பாஸ்கரைப் பார்த்தார்.

"டேய், நீ அழி."

பாஸ்கர் தலையைச் சொறிந்தான். "அழிக்கிற ஆப்ஷன் இன்னும் எழுதல மாமா. அடுத்த வெர்ஷன்ல தர்றதாச் சொல்லியிருக்கோம். ஃபைலை நேரா திறந்து அழிக்க அக்காவுக்குத்தான் தெரியும்."

அன்று என் நேர்மையைவிடப் பாஸ்கரின் சோம்பல்தான் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய காவலாக நின்றது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் இரண்டு குடும்பத்துக்கும் சமையல்காரர்கள் ஆள் அனுப்பிவிட்டார்கள். முதலில் சுலோச்சனா அம்மாள் வந்தார், கையில் ரசீதோடு. ஓனர் அவரை முன்வாசலிலேயே நிறுத்தி, "நீங்க கவலையே படாதீக, மண்டபம் ஒங்களுக்குத்தான்" என்றார். சற்று நேரத்தில் வீரணன் ஜீப்பில் வந்தார். ஓனர் பின்வாசலுக்கு ஓடி, "என்னண்ணே இது, ஒங்களுக்கு இல்லாத மண்டபமா?" என்றார். முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக அவர் ஓடுவதைப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. பாஸ்கரின் புரோகிராம் மெமரிக்குள் செய்ததை இந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரில் செய்துகொண்டிருந்தார். ஒரு வாசலில் ஒரு மண்டபம், மறு வாசலில் இன்னொரு மண்டபம். இதுக்கு அது தெரியாது.

வெளியே அதற்குள் நிலைமை முற்றிவிட்டது. வீரணன் வீட்டு இளவட்டங்கள் வாழைமரம் கட்ட வந்தவர்கள், வாசலில் ஏற்கெனவே இரண்டு மரம் கட்டியிருப்பதைப் பார்த்து அவற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். சுலோச்சனா அம்மாளின் தம்பி ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஒருவன் ஏணியில் ஏறி, தெர்மோகோலில் எழுதிய மணமக்கள் பெயர்ப் பலகையில் கையை வைத்தான். சாது என்று ஓனர் சான்றிதழ் கொடுத்த அந்த அம்மா ஏணிக்குக் கீழே போய் நின்றார்.

"எறங்குப்பா. அது எம் பொண்ணு பேரு. அதுல நீ கை வச்ச, ஏணிய ஆட்டிருவேன்."

அவன் இறங்கவில்லை, கையை மட்டும் எடுத்தான். அவன் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் அந்த அம்மாவைச் சுற்றி நின்றார்கள். தம்பிக்காரர் வாழைமரத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார். யாராவது ஒருவர் கை நீட்டியிருந்தால் போதும், அடுத்த நாள் கல்யாணத்துக்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடியிருக்கும். எம்.டி. அந்த நேரத்தில் ஸ்கூட்டரில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மடக்கு நாற்காலி இரண்டைத் தூக்கிக்கொண்டு போய் மணமேடைக்குக் கீழே, கூடத்தின் நடுவில் எதிரெதிராகப் போட்டேன். அந்த அம்மாவிடமும் வீரணனிடமும் போய், "ரெண்டு பேரும் சேர்ந்து வந்து உக்காருங்க. ஒரு விசயம் சொல்லணும். தனித்தனியாச் சொல்ல மாட்டேன்" என்றேன். மை அப்பிய கையோடு ஒரு பெண் இப்படிச் சொன்னதில் என்ன நினைத்தார்களோ, வந்து உட்கார்ந்தார்கள். இளவட்டங்களும் பின்னாலேயே வந்து சுற்றி நின்றார்கள்.

"உங்க ரெண்டு பேரு ரசீதும் நிசம். ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் பதிஞ்சிருக்கீங்க. தப்பு எங்க கம்பெனி எழுதுன புரோகிராமுல. மண்டபம் ஒண்ணுதான். உங்கள்ல ஒருத்தர் பேரை அழிக்கலாம்னு பேச்சு நடந்துச்சு. நான் அழிக்கல."

பின்னால் எம்.டி. இருமினார். நிஜமான இருமலாகக்கூட இருக்கலாம்.

வீரணன் மீசையைத் தடவவில்லை, கத்தவில்லை. "ஏம்மா, டைரியில எழுதிவச்ச காலத்துல இந்தக் கூத்து உண்டா? இம்புட்டுப் பெரிய மிசினு, ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதாக்கும்?" என்றார்.

"அதுக்கு எண்ணத் தெரியும்ங்கய்யா. எழுதுனவுகளுக்குத்தான் தெரியல."

"யாரு பேரை அழிக்கச் சொன்னாக?" என்று சுலோச்சனா அம்மாள் கேட்டார்.

அவர் ஓனரைப் பார்த்தார். ஓனர் ஏசி அறைப் பக்கம் பார்த்தார்.

"எங்க பேரைத்தான், இல்ல?" என்றார் அந்த அம்மா. முந்தானையால் ஒரு தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். வீரணன் அவரை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. ஏணிக்காரனிடம் திரும்பி, "ஏலே, அந்தப் போர்டு அங்கனயே இருக்கட்டும். ஏணிய எடுத்து ஓரமா வையி" என்றார்.

அந்த இடைவெளியில் நான் கேட்டேன்: "உங்களுக்கு முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

நம்புவீர்களோ மாட்டீர்களோ, அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. ஓனர் கேட்கவில்லை, எம்.டி. கேட்கவில்லை. புரோகிராமில் அதற்கு இடமே இல்லை. தேதி போதும் என்று பாஸ்கர் முடிவு செய்திருந்தான்.

"எங்களுக்கு விடியக்காலம். ஆறு மணிக்குள்ள தாலி ஏறிரும்" என்றார் அந்த அம்மா.

"எங்களுக்கு ஒம்பதுக்கு மேல" என்றார் வீரணன்.

இரண்டு சமையல் மாஸ்டர்களும் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம், "அப்ப காலைல மொதப் பந்தி ஒனக்கு. நான் எட்டு மணிக்குத்தான்யா அடுப்புக்கு வருவேன்" என்றார். கம்ப்யூட்டர் இல்லாமலேயே அவர் கணக்கைத் தீர்த்துவிட்டார் என்று கதை கட்டிவிடாதீர்கள். பாத்திரம் கழுவத் தண்ணீர் யாருக்கு என்பதில் மதியம் வரை இருவரும் மறுபடி சண்டை போட்டார்கள்.

ஆனால் ஒரு வழி கிடைத்துவிட்டது. மாலையில் வரவேற்பு சுலோச்சனா அம்மாள் வீட்டாருடையது. வீரணன் வீட்டு மாப்பிள்ளை அழைப்பு கோயிலிலிருந்து ஊர்வலமாக வந்து சேர எப்படியும் தாமதமாகும், அதற்குள் கூடத்தைக் காலி செய்துவிட வேண்டும். காலையில் அவர்கள் இறங்கியதும் இவர்கள் மேடை ஏற வேண்டும். ஒன்று மட்டும் இடித்தது. மணமகள் அறை ஒன்றுதான்.

"அந்தக் குளுகுளு ரூமை எங்க பொண்ணுக்குக் குடுங்க" என்றார் சுலோச்சனா அம்மாள்.

"அம்மா, அதுல கம்ப்யூட்டர் இருக்கு!" என்று ஓனர் பதறினார். "அது வெக்கையில இருக்கக் கூடாதும்மா."

"எம் பொண்ணு மட்டும் இருக்கலாமா?"

வீரணன் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "தங்கச்சி கேக்குறது ஞாயந்தானய்யா. மிசினத் தூக்கி வெளிய வையி."

கம்ப்யூட்டரைக் காய்கறி அறைக்குத் தூக்கினோம். சந்தனம், குங்குமத்தோடு வெங்காய மூட்டைக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. மண்டபத்துக்கு வந்த நாளிலிருந்து அது யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

இன்னொரு நிபந்தனையும் போட்டேன். எந்தக் கேள்வியானாலும் என்னிடம்தான் கேட்க வேண்டும். ஓனர் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது. ஓனரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு சோடாவைக் கொடுத்தேன். தண்ணீர் லாரி எப்போது, ரேடியோ செட்டில் யார் பாட்டு, ஜமக்காளம் யாருடையது என்று எல்லோரும் என்னிடம் வந்தார்கள். நான் ஒன்றும் பெரிய நிர்வாகி இல்லை. பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

மறுநாள் இரண்டு கல்யாணமும் நடந்தன. முதல் லாரியில் சீக்கிரமே வந்துவிட்ட வீரணன் வீட்டுப் பெரியவர் ஒருவர், மணமேடையில் இருந்த சௌராஷ்டிரப் பிள்ளைகளுக்கு அட்சதை போட்டு ஆசீர்வதித்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "மாப்ள நல்ல செவப்பு" என்று ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு மின்விசிறிக்கு அடியில் தூங்கிப் போனார். எழுந்தபோது மேடையில் வேறு மாப்பிள்ளை. அவருக்கு விளக்கம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். சுலோச்சனா அம்மாள் மட்டும் கிளம்பும்போது என்னை ஓரமாக அழைத்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து நான் அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"பாப்பா, எம் பொண்ணு மாலையோட மேடையில கொஞ்ச நேரம் உக்காரக்கூட முடியல. அவ அத்த வந்து சேர்றதுக்குள்ள எறக்கிட்டோம். போட்டோ எடுக்கையில பின்னாடி வேற யாரோ பூக்கட்டிக்கிட்டு நின்னாக. நீ நல்ல பிள்ள. ஆனா இது நல்லபடியா நடந்துச்சுன்னு யார்ட்டயும் சொல்லிறாத."

நான் தலையாட்டினேன். அதனால்தான் இதுவரை அப்படிச் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை.

வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா. கல்யாணம் முடிந்த மறுநாள் நான் வீட்டில் இருந்தேன். பாஸ்கர் ஸ்கூட்டரில் வந்தான். "அக்கா, மாமா வரச் சொன்னாரு. 'நாளையில இருந்து வேணாம்'னு சொன்னது அந்த ஒரு நாளைக்கு மட்டுந்தானாம்." மண்டப புரோகிராமை நான் திருத்துவதானால் வருகிறேன் என்றேன். அவர்களுக்கு வேறு வழியில்லை. ஓனர் சோடாவைக் குடித்து முடித்துவிட்டுச் சத்தம் போடத் தொடங்கியிருந்தார்.

திருத்தம் சின்னது. மண்டபம் என்கிற கிளாசில், புதிதாக ஒன்றைப் பிறப்பிக்கிற கன்ஸ்ட்ரக்டரை வெளியாட்கள் தொட முடியாதபடி உள்ளே பூட்டினேன். உள்ளே ஒரே ஒரு மண்டபத்தை வைத்தேன். மண்டபம் வேண்டும் என்கிறவர்கள் ஒரே வாசலில் வந்து கேட்க வேண்டும். பொது மெனு கேட்டாலும் வி.ஐ.பி. மெனு கேட்டாலும் அதே மண்டபம், அதே டைரி. இப்போது நீங்கள் இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறீர்கள். அன்று நான் செய்தது வேறொன்றும் இல்லை, பழைய சணல் கயிற்றை சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் கட்டினேன்.

பாஸ்கர் பக்கத்தில் நின்று கவனமாகப் பார்த்தான். அதுதான் ஆபத்து. ஒரு முறை சூடுபட்ட புரோகிராமரின் கவனத்தைப் போல் பயங்கரமானது எதுவும் இல்லை. அவன் நான் இல்லாத நேரத்தில் புரோகிராம் முழுவதற்கும் அதே பூட்டைப் போட்டுவிட்டான். வாசலில் ஒட்டுகிற வரவேற்புத் தாளை அச்சடிக்கும் பகுதியில் மணமகள் என்று ஒரு கிளாஸ் இருந்தது. அதற்கும் பூட்டு. அடுத்த முகூர்த்தத்தில் வந்திறங்கிய மாப்பிள்ளை வீட்டார், தங்கள் மாப்பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் முந்தைய முகூர்த்தத்துப் பெண்ணின் பெயர் அச்சாகி இருப்பதைப் பார்த்தார்கள்.

"யாருடா இந்தத் தனலட்சுமி?" என்று மாப்பிள்ளையின் அக்கா கேட்டாள். மாப்பிள்ளை தனக்கு எந்தத் தனலட்சுமியையும் தெரியாது என்று பிள்ளையார் சன்னதிப் பக்கம் கை நீட்டிச் சத்தியம் செய்தார். அவ்வளவு வேகமாகச் சத்தியம் செய்ததே சந்தேகத்தைக் கிளப்பியது. தாளைக் கிழித்து, கையால் எழுதி ஒட்டி, பெண் வீட்டாரைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"நீங்கதானக்கா ஒண்ணுதான் இருக்கணும்னு சொன்னீங்க?" என்றான் பாஸ்கர், என் மேல் குற்றம் சுமத்துகிற முகத்தோடு.

"மண்டபம் ஒண்ணுடா. பொண்ணு கல்யாணத்துக்குக் கல்யாணம் வேற."

"அதை எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?"

"வெளிய போயிப் பாக்குறது."

அவனை நான் கேலி செய்தாலும், அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவனுக்கு இன்றும் மரியாதை வைத்திருக்கிறேன். உங்களில் பலர் அதைக் கேட்பதில்லை. பேட்டர்ன் புத்தகம் உங்கள் மேசையில் இருக்கிறது. மண்டபம் திருப்பரங்குன்றம் சாலையில் இருக்கிறது. எது ஒன்று, எது பல என்பது இரண்டாவது இடத்தில்தான் தெரியும்.

இந்தக் கதை ஒழுங்காக முடிந்தது என்று நான் நினைத்திருந்தபோது ஆடி பிறந்து, மண்டபம் காலியாகக் கிடந்தது. ஓனர் எங்கள் சந்து மாடிக்கே ஏறி வந்தார். முகத்தில் புது வெளிச்சம்.

"அம்மா, யோசிச்சுப் பாத்தேன். அன்னைக்கு ரெண்டு கல்யாணம் நடந்துச்சுல்ல? விடியக்காலம் ஒண்ணு, ஒம்பது மணிக்கு ஒண்ணு. நல்ல ஏற்பாடும்மா அது! நீங்க போட்ட பூட்டை எடுத்துட்டு, மொதல்ல இருந்த மாதிரியே ஆக்கிருங்க. ஆவணியில எக்கச்சக்கமா முகூர்த்தம் இருக்கு."

எம்.டி. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "தாராளமாச் செய்யலாம் சார். அது எங்க புரோகிராமோட ஒரு தனிச் சிறப்புன்னே சொல்லலாம்."

பாஸ்கர் என்னைப் பார்த்தான். நான் ஓனரிடம் சொன்னேன்.

"செய்யலாம்ங்க. நேரத்தையும் சேர்த்துப் பதியுற மாதிரி மாத்தித் தர்றேன். மண்டபத்தை நேரம் பிரிச்சு விடுறதுல தப்பே இல்ல. ஆனா இப்ப ரசீதுல 'நாள் முழுவதும்'னு அச்சாகுது. அதை மாத்தி, 'காலை எட்டு மணிக்குள் மேடையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த கல்யாணம் காத்திருக்கும்'னு பெருசா அடிச்சிருவேன். பதிய வர்றவுக அதைப் படிச்சுட்டுச் சம்மதிச்சா, எத்தனை கல்யாணம் வேணாலும் நடத்திக்கங்க."

ஓனர் அந்த வாசகத்தை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"பெருசாவா அடிப்பீங்க?"

"பெருசாத்தான்."

"சின்னதா, கீழ ஓரத்துல..."

"அந்த பிரிண்டர்ல சின்ன எழுத்து கிடையாதுங்க."

"இப்படி அடிச்சா எல்லாரும் எதுத்தாப்புல யானை இருக்குற மண்டபத்துக்குல்ல போயிருவாக?"

"போயிருவாக."

ஓனர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அப்ப ஒண்ணே இருக்கட்டும்மா" என்றார்.